குடலுக்கும் உண்டு 'லைன் கிளியர்'

நீராவி எஞ்சின்கள் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் லோகோ ஷெட்டில் பயிற்சிக்குச் சேர்ந்தவன் நான். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு வந்த பையன்களை அங்கே முதல் நாளே எஞ்சின் மேல் ஏற்றி, டிரைவரின் முகத்துக்கு நேரே இருக்கும் ஒரு கண்ணாடிக் குழாயைக் காட்டுவார்கள். பாய்லருக்குள் தண்ணீர் எந்த மட்டத்தில் இருக்கிறது என்று அது சொல்லும். கரி தீர்ந்தால் வண்டி நிற்கும், அவ்வளவுதான். தண்ணீர் தீர்ந்தால் பாய்லரே போய்விடும். நெருப்புப் பெட்டியின் மேல்தகடு தண்ணீருக்கு வெளியே வந்துவிட்டால், அதில் பொருத்தியிருக்கும் லெட் பிளக்கின் ஈயம் உருகி, நீராவி சீறிக்கொண்டு நெருப்பின் மேல் இறங்கும். அந்த நிலைக்கு விட்ட டிரைவருக்குப் பிறகு நடக்கும் விசாரணையைப் பற்றி இங்கே எழுத வேண்டாம்.

மனித உடம்பில் இப்படி ஒரு கண்ணாடிக் குழாயை வைக்காமல் விட்டுவிட்டான் ஆண்டவன். அதனால்தான் இந்தக் கட்டுரை.

நான் மருத்துவன் அல்லன். ஓய்வு பெற்றபின் மகள் வயிற்றுப் பேத்தியின் பதினோராம் வகுப்பு உயிரியல் புத்தகத்தைப் புரட்டப் போய், அதிலேயே மூழ்கிப்போனவன். நாற்பது வருஷம் பம்ப், வால்வு, பிரஷர் என்று பழகியவனுக்கு அந்தப் புத்தகம் புதிய பாஷையாகவே தோன்றவில்லை. படிக்கப் படிக்க, நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டிய ஒரு விஷயம் பாதிப் பேருக்குத் தெரியாமல் இருப்பது உறுத்தியது.

மழை ஆரம்பித்தால் கல்கத்தாவில் வயிற்றுக் கோளாறும் ஆரம்பித்துவிடும். (ஊருக்கு 2001-இல் பெயர் மாற்றிவிட்டார்கள், என் வாய்க்கு இன்னும் கல்கத்தாதான்.) 2024 மழைக்காலத்தில் எங்கள் குடியிருப்பில் ஒரு இளம் தாய், இரண்டு வயதுப் பையனுக்குப் பேதி என்று கவலையோடு வந்தாள். கையில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு அட்டை டப்பா பானம்.

"மாமா, டாக்டர் ஓ.ஆர்.எஸ். கொடுக்கச் சொன்னார். கடையில இதைத்தான் கொடுத்தாங்க. நேத்திலேர்ந்து மூணு டப்பா ஆச்சு, பேதி அதிகமாத்தான் ஆகுது."

டப்பாவின் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்ற மூன்று எழுத்தும் கொட்டையாக இருந்தன. பின்பக்கத்துப் பொடி எழுத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தால், உள்ளே இருந்தது பழச்சாறு கலந்த சர்க்கரைத் தண்ணீர். "இதை வெச்சுடும்மா, மருந்துக் கடையில பொடியா பாக்கெட் விப்பான், அதை வாங்கிட்டு வா" என்று அனுப்பினேன். பையன் நன்றாக இருக்கிறான். ஆனால் சர்க்கரைத் தண்ணீர் ஏன் பேதியைக் கூட்டியது, அதே சர்க்கரை பாக்கெட்டுப் பொடியில் இருந்தால் ஏன் உயிரைக் காக்கிறது என்று அவள் கேட்டபோது, வாசற்படியில் நின்றுகொண்டு சொல்லி முடிக்கக்கூடிய பதிலாக அது இல்லை. இங்கே சொல்கிறேன்.

எழுபது கிலோ எடையுள்ள ஆணின் உடம்பில் ஏறக்குறைய 42 லிட்டர் தண்ணீர் இருக்கிறது. எடையில் நூற்றுக்கு அறுபது பங்கு. இதில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 28 லிட்டர், கோடிக்கணக்கான செல்களின் உள்ளே அடைபட்டிருக்கிறது. மீதி 14 லிட்டர் செல்களுக்கு வெளியே. அதிலும் ரத்தக் குழாய்களுக்குள் ரத்தத்தின் நீர்ப்பகுதியாக ஓடுவது சுமார் 3 லிட்டர்தான். இதயம் என்ற பம்புக்கு 'சக்ஷன்' கிடைப்பது இந்த மூன்று லிட்டரை நம்பித்தான். 42 லிட்டர் இருக்கிறதே என்று நாம் தைரியமாக இருக்க முடியாது.

செல்லுக்கு உள்ளே இருக்கும் தண்ணீரும் வெளியே இருக்கும் தண்ணீரும் ஒரே சரக்கல்ல. உள்ளே பொட்டாசியம் அதிகம், வெளியே சோடியம் அதிகம். சோடியம் என்றால் நம் சமையல் உப்பில் பாதியாக இருப்பது, மறுபாதி குளோரைடு. இந்த வித்தியாசம் தானாக நிலைப்பதில்லை. ஒவ்வொரு செல்லின் சுவரிலும் கண்ணுக்குத் தெரியாத பம்புகள் இருந்துகொண்டு, மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுத்தபடியே இருக்கின்றன. இதைக் கண்டறிந்த டென்மார்க் விஞ்ஞானி ஜென்ஸ் ஸ்கௌவுக்கு 1997-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அவர் அதைக் கண்டறிந்தது 1957-இல்! நம் பென்ஷன் அரியர்ஸ் தேவலை.

சிறுநீரகம் ஒரு நாளைக்கு 180 லிட்டர் வடிகட்டி, ஒன்றரை லிட்டரை மட்டும் வெளியே விட்டு மீதியைத் திருப்பிக்கொள்கிறது. அதைப் பற்றித் தனியாகவே எழுதலாம். நமக்கு இப்போது வேண்டியது குடல்.

நாம் ஒரு நாளில் சுமார் இரண்டு லிட்டர் குடிக்கிறோம். ஆனால் சிறுகுடலுக்குள் வந்து சேருவது எட்டு, ஒன்பது லிட்டர். மீதி ஏழு லிட்டரும் உடம்பே ஊற்றுவது: வாயில் உமிழ்நீர், இரைப்பையில் அமில நீர், கல்லீரலிலிருந்து பித்தம், கணையத்திலிருந்து ஒரு நீர், குடல் சுவரே சுரக்கும் நீர். சாப்பாடு கரைய வேண்டுமே! இந்த ஒன்பது லிட்டரில் மலத்தோடு வெளியே போவது நூறு, இருநூறு மில்லி மட்டும். மீதி முழுவதையும் குடல் திரும்ப உறிஞ்சி ரத்தத்தில் சேர்த்துவிடுகிறது. இந்த உறிஞ்சுகிற வேலை ஒரு நாள் நின்றுபோனால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று லிட்டர் ரத்த நீர் உள்ள உடம்பில் ஒன்பது லிட்டர் கணக்கு அது.

சரி, குடல் எப்படித் தண்ணீரை உறிஞ்சுகிறது? பம்ப் செட்டில் பழகிய எனக்கு, எங்கோ தண்ணீர் பம்ப் ஒன்று இருக்கும் என்றுதான் எதிர்பார்ப்பு. அப்படி ஒன்று உடம்பில் எங்குமே இல்லை என்று படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தேன். தண்ணீரை யாரும் தள்ளுவதில்லை. உப்பும் சர்க்கரையும் எந்தப் பக்கம் அதிகமோ, அந்தப் பக்கம் தண்ணீர் தானே போகும்.

இது நம் வீட்டுப் பெண்களுக்கு நன்றாகத் தெரிந்த சங்கதி. லேக் மார்க்கெட்டில் பங்குனி, சித்திரையில் வடு மாங்காய் கிடைத்தால் விடமாட்டார்களே! கல் உப்பைப் போட்டுக் குலுக்கி வைத்த மூன்றாம் நாள் ஜாடியில் தண்ணீர் நிற்கிறது, மாவடு சுருங்கியிருக்கிறது. யாரும் ஒரு சொட்டுத் தண்ணீர் விடவில்லை. வெளியே உப்பு அதிகமானதும் மாங்காய்க்குள் இருந்த நீர் வெளியே வந்துவிட்டது. குடலுக்குள் சர்க்கரை அளவு மீறினால், உடம்பு மாவடு ஆகிவிடும். அந்த ஆரஞ்சு டப்பாவின் மர்மம் பாதி இதிலேயே தீர்ந்தது.

மறுபாதி, உப்பைக் குடல் எப்படி உள்ளே எடுக்கிறது என்பது. குடல் சுவரில் சோடியத்துக்குப் பல வாசல்கள் உண்டு. அவற்றில் ஒரு வாசலின் வேடிக்கை என்னவென்றால், சோடியம் தனியாக வந்தால் திறக்காது. குளுகோஸ் தனியாக வந்தாலும் திறக்காது. இரண்டு சோடியமும் ஒரு குளுகோஸும் சேர்ந்து வந்தால்தான் சுழன்று உள்ளே விடும். ராபர்ட் கிரேன் என்ற அமெரிக்கர் 1960-இல் பிராக் நகரத்தில் நடந்த கூட்டத்தில் இதை ஒரு படமாக வரைந்து காட்டினார்.

ஒற்றை ரயில் பாதையில் வேலை பார்த்தவர்களுக்கு இதைப் புரியவைக்க நிமிஷம் போதும். அடுத்த ஸ்டேஷன் மாஸ்டர் சம்மதம் கொடுத்து, இந்த ஸ்டேஷனின் கருவியிலிருந்து டோக்கன் பந்து வெளியே வந்து, அது டிரைவர் கைக்குப் போனால்தான் வண்டி செக்ஷனுக்குள் நுழையலாம். ஸ்டேஷனில் பிரம்பு வளையத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பவரையும், ஓடும் எஞ்சினிலிருந்து அதைக் கையில் கோத்துக்கொள்ளும் டிரைவரையும் நம்மில் பலர் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறோம். குடலில் சோடியம்தான் எஞ்சின். குளுகோஸ் அதற்கு டோக்கன். தண்ணீர் பின்னால் கோத்திருக்கும் பெட்டிகள். டோக்கன் இல்லாமல் எஞ்சின் நகராது, எஞ்சின் இல்லாமல் பெட்டி நகராது. டோக்கனை மட்டும் மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து பிளாட்பாரத்தில் கொட்டினாலும் வண்டி போகாது.

இனி காலராவுக்கு வருவோம். இந்த ஊருக்கும் காலராவுக்கும் உள்ள உறவு பழையது. கமா வடிவிலுள்ள அந்தக் கிருமியை ராபர்ட் கோக் 1884-இல் இங்கே நோயாளிகளின் உடலில் உறுதி செய்தார். ஆனால் அது ஆளை எப்படிக் கொல்கிறது என்று தெரிய மேலும் எழுபத்தைந்து வருஷம் ஆயிற்று. அதைச் சொன்னவரும் இந்த ஊர்க்காரர், டாக்டர் சம்புநாத் டே. கிருமியை அறவே வடிகட்டி நீக்கிய திரவத்தை முயலின் குடல் துண்டில் செலுத்தி, அதிலேயே குடல் நீரால் உப்புவதைக் காட்டினார். கிருமி வெளியே விடும் நஞ்சுதான் காரணம் என்று 1959-இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். 1985-இல் காலமானார். இங்கே ஒவ்வொரு முக்கிலும் யார் யாருக்கோ சிலை இருக்கிறது, இவர் பெயரைச் சொன்னால் வங்காள நண்பர்களே "யார் அவர்?" என்று கேட்கிறார்கள்.

அந்த நஞ்சு குடல் சுவரில் குளோரைடு வெளியேறும் வாசலைத் திறந்து, மூட முடியாமல் செய்துவிடுகிறது. குளோரைடு குடலுக்குள் கொட்ட, சோடியம் அதன் பின்னால் போக, தண்ணீர் அதன் பின்னால் போகிறது. அரிசி களைந்த நீர் போல ஒரு மணிக்கு ஒரு லிட்டர் வரைகூடப் போகும். காலையில் நடமாடியவர் மாலைக்குள் இறந்துபோவது இப்படித்தான். ஆனால் டோக்கன் வாசலை மட்டும் அந்த நஞ்சு தொடுவதில்லை! பேதி கொட்டிக்கொண்டிருக்கும்போதே, உப்பும் சர்க்கரையும் சரியான அளவில் சேர்ந்து வந்தால், அந்த வாசல் எப்போதும்போல வேலை செய்யும். இந்த நூற்றுக்கணக்கான வார்த்தைகளில் அன்பர்கள் ஒன்றை மட்டும் மனத்தில் வைப்பதானால் இதை வையுங்கள்.

இது தெரியாத காலத்தில் என்ன செய்தார்கள்? 1965-இல் எனக்கு ஏழு வயது. எங்கள் கிராமத்தில் ஒன்றரை வயதுத் தங்கைக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. "குடுக்கக் குடுக்கப் போகும், வயித்தைக் காயப் போடு" என்றார்கள் பெரியவர்கள். அது அந்தக் காலத்துத் தீர்மானமான வைத்தியம். வீட்டில் யாருக்கும் அவள் மேல் பிரியம் குறைவில்லை. முதல் நாள் தண்ணீர் கேட்டு அழுதாள். அழுகையில் கண்ணீர் வரவில்லை என்று அம்மா பிற்காலத்தில் சொல்வாள். இரண்டாம் நாள் அழவில்லை. கேட்கவும் இல்லை. வண்டி கட்டிக்கொண்டு டவுனுக்குப் புறப்பட்டபோது மாலை ஆகிவிட்டது. பாதி வழியில் திரும்பி வந்தார்கள்.

பத்து கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு லிட்டர் போனால் எடையில் பத்தில் ஒன்று போயிற்று. அதுவே ஆபத்தின் எல்லை. நமக்கு ஒரு பாட்டில் தண்ணீர். குழந்தைக்கு அதுதான் உயிர்.

சியால்டாவிலிருந்து பங்காவ் போகும் லோக்கலில் நம்மில் பலர் போயிருப்போம். எல்லைக்கு முன்னால் கடைசி ஊர். 1971-இல் கிழக்கு வங்காளத்திலிருந்து லட்சக்கணக்கில் அகதிகள் அந்த வழியாக வந்தார்கள். முகாம்களில் காலரா பரவியது. அப்போது சிகிச்சை என்றால் ரத்தக் குழாயில் ஊசி வழியே சலைன் ஏற்றுவதுதான். பங்காவ் ஆஸ்பத்திரியில் நோயாளிகள் தரையெல்லாம் கிடந்தார்கள். சலைன் பாட்டில்கள் தீர்ந்துகொண்டிருந்தன. ஏற்றத் தெரிந்த ஆட்களும் போதவில்லை.

கல்கத்தாவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆராய்ச்சி மையத்திலிருந்து அங்கே போயிருந்தவர் குழந்தை மருத்துவர் திலீப் மஹலனாபிஸ். உப்புச் சர்க்கரை நீரை வாய்வழியே கொடுக்கலாம் என்பது அவருக்கு முன்பே தெரிந்த விஷயம். இதே ஊரில் ஹேமேந்திரநாத் சட்டர்ஜி 1953-இலேயே காலரா நோயாளிகளுக்கு அப்படிக் கொடுத்து 'லான்செட்' இதழில் எழுதியிருந்தார். 1968-இல் டாக்காவில் நாலின், கேஷ் என்ற இருவர் அளவோடு நிரூபித்தும் காட்டியிருந்தார்கள். ஆனால் அதெல்லாம் ஆஸ்பத்திரிக்குள், டாக்டர்கள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டு செய்தவை. அகதி முகாமில், படிக்காத தாயின் கையில் ஒரு குவளையைக் கொடுத்து "குடிக்க வை" என்று சொல்ல யாரும் துணியவில்லை. மஹலனாபிஸுக்கு வேறு வழியும் இல்லை.

லிட்டருக்கு 22 கிராம் குளுகோஸ், மூன்றரை கிராம் சமையல் உப்பு, இரண்டரை கிராம் சோடா உப்பு. கல்கத்தா மையத்திலேயே எடை போட்டு, பாலிதீன் பைகளில் நிரப்பி, இஸ்திரிப் பெட்டியால் வாயை ஒட்டி அனுப்பினார்கள். பங்காவில் குழாய் வைத்த டிரம்களில் கரைத்தார்கள். நோயாளியின் அம்மாவோ அண்ணனோ குவளையில் பிடித்துப் புகட்டினார்கள். சுமார் இரண்டு மாதத்தில் 3,700-க்கும் மேற்பட்ட நோயாளிகள். நூற்றுக்கு முப்பது வரை போயிருந்த சாவு, 3.6 ஆக இறங்கியது. முடிவுகளை 1973-இல் வெளியிட்டார். உலகம் முழுவதும் இந்தப் பொடி போய்ச் சேர்ந்தது. அவர் 2022 அக்டோபரில் காலமானார். மறு வருஷம் பத்ம விபூஷண் அறிவித்தார்கள். உயிரோடு இருந்தபோது கொடுத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்று பாக்கெட்டில் இருப்பது 2002-இல் உலக சுகாதார நிறுவனம் திருத்திய அளவு: லிட்டருக்குக் குளுகோஸ் 13.5 கிராம், சமையல் உப்பு 2.6, பொட்டாசியம் குளோரைடு 1.5, டிரைசோடியம் சிட்ரேட் 2.9. மொத்தம் 20.5 கிராம். எண்ணிக்கையில் குளுகோஸும் சோடியமும் இதில் சமம். பழைய அளவைவிட நீர்த்திருப்பதால் பேதியின் அளவும் வாந்தியும் குறைகின்றன. பொட்டாசியம், பேதியில் போனதை ஈடுகட்ட. சிட்ரேட், ரத்தத்தில் ஏறும் அமிலத்தைச் சமன் செய்ய. சாதாரணக் குளிர்பானத்தில் லிட்டருக்குச் சர்க்கரை ஏறக்குறைய 100 கிராம், உப்போ பெயருக்கு. பிளாட்பாரம் நிறைய டோக்கன், எஞ்சினைக் காணோம்.

அந்த அட்டை டப்பாக்களை எதிர்த்து ஹைதராபாத்தில் டாக்டர் சிவரஞ்சனி சந்தோஷ் என்ற குழந்தை மருத்துவர் வருஷக்கணக்கில் போராடினார். 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம், அந்த அளவுக்கு உட்படாத பானங்கள் தங்கள் பெயரில் எந்த வகையிலும் ஓ.ஆர்.எஸ். என்று போடக்கூடாது என்று உத்தரவிட்டது. நல்லது. இருந்தாலும் கடையில் பெயரைப் பார்க்காதீர்கள். மேலே சொன்ன நான்கு எண்களைப் பாருங்கள்.

பொடியைக் கரைப்பதில் நம்மவர்கள் செய்யும் சிக்கனம்தான் எனக்குப் பயம். ஒரு லிட்டர் பாக்கெட் என்றால் முழுப் பாக்கெட்டும் ஒரே லிட்டரில் போக வேண்டும். டம்ளருக்கு ஒரு ஸ்பூன் என்று கண்ணளவில் போடுவது கூடாது; உப்பு ஏறினால் அதுவே ஆபத்து. சிறிய பாக்கெட்டும் விற்கிறார்கள், அதில் எழுதிய அளவுக்கே கரையுங்கள். கொதித்து ஆறிய தண்ணீர். ஒரு நாள் கழிந்தால் கொட்டிவிட வேண்டும். பாக்கெட் கிடைக்காத நேரத்தில் ஒரு லிட்டருக்குத் தலைதட்டிய டீஸ்பூன் சர்க்கரை ஆறு, உப்பு அரை. வங்காளிகளின் 'நூன்-சினிர் ஜோல்' இதுதான். சர்க்கரை குடலில் உடைந்து குளுகோஸ் தருகிறது. உப்புப் போட்ட நீர்க்கஞ்சியும் நல்லதே. அரிசி மாவும் குடலில் குளுகோஸாகத்தான் உடைகிறது. நம் பாட்டிகள் கஞ்சி கொடுத்த வீடுகளில் காரணம் தெரியாமலே டோக்கனும் எஞ்சினும் சேர்ந்திருக்கின்றன.

ஓ.ஆர்.எஸ். கொடுத்தும் பேதி நிற்கவில்லையே என்று பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். அது பேதியை நிறுத்தும் மருந்தே இல்லை. திறந்த வாசலை அது மூடாது. போனதை வேறு வாசல் வழியாக உள்ளே கொண்டுவரும். வாசல் சில நாளில் தானே சரியாகும். அதுவரை பாய்லரில் தண்ணீர் இருக்க வேண்டும். ஒவ்வொரு பேதிக்குப் பிறகும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் பத்து வயது வரை 100 முதல் 200, பெரியவர்களுக்கு வேண்டிய மட்டும். வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து ஸ்பூன் ஸ்பூனாக. தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. குழந்தைகளுக்கு டாக்டர் எழுதித் தரும் துத்தநாக மாத்திரையைப் பேதி நின்ற பிறகும் பதினான்கு நாள் முடியக் கொடுக்க வேண்டும்.

நம் சங்கத்தில் சர்க்கரை நோய் இல்லாத பெரியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். "எனக்குச் சர்க்கரை, ஓ.ஆர்.எஸ். வேண்டாம்" என்று சொல்லிக் காய்ந்து கிடக்க வேண்டாம். லிட்டருக்கு 13.5 கிராம் குளுகோஸைவிட நீர் வற்றிய உடம்புதான் அவர்களுக்குப் பெரிய ஆபத்து. குடிப்பதோடு ரத்தச் சர்க்கரையையும் பார்த்துக்கொண்டு, வழக்கமான மாத்திரைகளைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். இதயம், சிறுநீரகம் பழுதாகி உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது; நடுராத்திரியில் யாரையும் பிடிக்க முடியாது.

கண்ணாடிக் குழாய் இல்லை என்று ஆரம்பத்தில் சொன்னேன். சில அடையாளங்கள் உண்டு. நாக்கு காய்வது, கண் குழி விழுவது, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகத் திரும்புவது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, அழுகையில் கண்ணீர் இல்லாதது. இவற்றைப் பார்த்தவுடன் ஓ.ஆர்.எஸ். கொடுத்துக்கொண்டே டாக்டரிடம் புறப்பட வேண்டும். மலத்தில் ரத்தம், குடித்ததெல்லாம் வாந்தி, கை கால் சில்லிடுவது, குழந்தை துவண்டு தூங்கிக்கொண்டே இருப்பது என்றால் ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது. நேரே ஆஸ்பத்திரிதான், அங்கே ரத்தக் குழாய் வழியாக ஏற்ற வேண்டியிருக்கும். போகிற வழியிலும், குழந்தை விழுங்கும் நிலையில் இருந்தால், ஸ்பூன் கையில் இருக்கட்டும்.